தொழில்நுட்ப ஆலோசகர் எதற்காகக் கட்டணம் வாங்குகிறார்?

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கும் மேல், குறைக்கப் போவதாக அறிவித்தது. நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்களுக்கே பாதிப்பு அதிகம் என்றும் சொன்னது. அந்த நிலைகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். வீட்டுக் கடன் பாதியில் நிற்கும், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். அதே சம்பளத்துக்கு இன்னொரு நிறுவனம் எளிதில் கிடைக்காது. இப்படிப்பட்டவர்களில் பலர் அடுத்து யோசிப்பது, 'தனியாகக் கன்சல்டிங் பண்ணலாம்' என்பதைத்தான். யோசனையில் தவறில்லை. கோவை, திருப்பூர், கரூர், ஓசூர், அம்பத்தூர் வட்டாரங்களில் சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்கு நல்ல தொழில்நுட்ப ஆலோசனை உண்மையாகவே தேவைப்படுகிறது.

சிக்கல் அடுத்த அடியில் வருகிறது. புதிதாக இறங்குபவர்கள் முதலில் செய்வது ஒரு சான்றிதழ் படிப்பு, ஒரு வலைத்தளம், ஒரு விசிட்டிங் கார்டு. மென்பொருளை மற்றவர்களைவிட அதிகம் தெரிந்தவரே ஆலோசகர் என்ற நம்பிக்கை இதற்கு அடியில் இருக்கிறது. இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தத் தொழிலில் தோற்றவர்களில் மென்பொருள் தெரியாமல் தோற்றவர்கள் குறைவு.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். இருநூறு பேர் வேலை பார்க்கும் நடுத்தர ஏற்றுமதி யூனிட். முதலாளி ஆலோசகரைக் கூப்பிட்டுச் சொல்வது பெரும்பாலும் ஒரே வரிதான்: "நல்ல ஈ.ஆர்.பி. ஒண்ணு போட்டுக் குடுங்க சார், ஸ்டாக் எங்க எவ்வளவு இருக்குதுன்னு என் போன்ல தெரியணும்." புதியவர் உடனே லேப்டாப்பைத் திறந்து டெமோ காட்டுவார். அனுபவமுள்ளவர் டெமோவைத் தள்ளிப்போட்டு, ஒரு வாரம் குடோனிலும் கட்டிங் பிரிவிலும் சனிக்கிழமை சம்பள மேஜையிலும் உட்கார அனுமதி கேட்பார்.

அந்த ஒரு வாரத்தில் அவர் பார்ப்பது என்ன? நூலைக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். அது நிட்டிங்குக்கு வெளியே போகிறது, துணியாகக் கிலோ கணக்கில் திரும்புகிறது. அந்தத் துணி சாயப் பட்டறைக்குப் போகிறது, எடை மாறி வருகிறது. பிறகு காம்பேக்டிங். கட்டிங் மேஜையைத் தாண்டியதும் கணக்கு கிலோவிலிருந்து பீஸுக்கு மாறிவிடுகிறது. அதிலும் சைஸ் வாரியாகப் பிரிகிறது. தைப்பதில் ஒரு பகுதி உள்ளே, ஒரு பகுதி வெளியே பவர் டேபிள்காரரிடம். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு டி.சி., அதாவது டெலிவரி சலான். முதலாளி கேட்ட 'ஸ்டாக் எங்கே' என்ற கேள்விக்கான பதில் அவருடைய குடோனுக்குள் மட்டும் இல்லை, ஊரில் நாலைந்து பேருடைய கொட்டகைகளில் சிதறிக் கிடக்கிறது.

இதில் ஒரு சட்டப் பக்கமும் உண்டு. ஜி.எஸ்.டி. விதிப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வந்தாக வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகிவிடும். போனது, வந்தது பற்றி ஐ.டி.சி.-04 படிவத்தில் கணக்கும் காட்ட வேண்டும். இப்போது, சாயப் பட்டறைக்கு 500 கிலோ போய் 480 கிலோ வந்தால் அந்த 20 கிலோ என்ன? கழிவா, பட்டறையில் மிச்சமிருக்கும் துணியா, காணாமல் போனதா? ஃபேப்ரிக் பிரிவில் இருக்கும் பெரியவரைக் கேட்டால், "அது கலருக்குக் கலர் மாறுமுங்க தம்பி, பட்டறைக்குப் பட்டறையும் மாறும்" என்பார். எந்தக் கலருக்கு எவ்வளவு வரை ஒத்துக்கொள்ளலாம் என்பது அவர் மனக்கணக்கில் இருக்கிறது. வேறெங்கும் எழுதப்படவில்லை. எந்த மென்பொருளிலும் அது முன்கூட்டியே இருக்காது. அதை வெளியே எடுத்து, முதலாளியும் கணக்கரும் ஒத்துக்கொள்ளும் விதியாக மாற்றுவதற்குத்தான் ஆலோசகருக்குக் கட்டணம்.

சம்பள மேஜையில் இதைவிட நுணுக்கமானது காத்திருக்கிறது. திருப்பூர்க் கணக்கு நாள் கணக்கு அல்ல, ஷிப்ட் கணக்கு. காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டு, எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருக்கத்தில் அதற்கு மேலும் போகும். ஒரே கூரையின் கீழ் செக்கிங்கில் இருப்பவர் ஷிப்ட் கணக்கிலும், தைப்பவர் பீஸ் ரேட்டிலும் இருப்பார். மாதச் சம்பளத்தை அடிப்படையாக வைத்து எழுதிய பேரோல் மென்பொருளைக் கொண்டுவந்து வைத்தால் முதல் சனிக்கிழமையே கம்பெனி வாசலில் சத்தம் கேட்கும். சம்பளம் நூறு ரூபாய் குறைந்தவருக்கு, புது சிஸ்டம் எவ்வளவு அழகு என்பது ஒரு பொருட்டே அல்ல.

கேள்வி கேட்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைதான். 'உங்கள் வேலைமுறை என்ன?' என்று கேட்டால், எப்படி நடக்க வேண்டுமோ அதைச் சொல்வார்கள். எப்படி நடக்கிறது என்பது அதில் வராது. 'நேற்று சாயங்காலம் வந்த வண்டியில் என்ன இறங்கியது? எந்தச் சீட்டில் எழுதினீர்கள்? அந்தச் சீட்டு இப்போது யாரிடம் இருக்கிறது?' என்று நடந்து முடிந்த ஒன்றைப் பிடித்துக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அடுத்து விதிவிலக்குகளைக் கேட்க வேண்டும். பையர் பாதி வழியில் கலரை மாற்றினால் என்ன செய்வீர்கள்? மெர்ச்சண்டைசர் லீவில் இருந்தால் யார் கையெழுத்துப் போடுவார்? ஒழுங்காக நடக்கும் வேலையை எந்தச் சிஸ்டமும் தாங்கும். ஒழுங்கு தவறும் இடத்தில் என்ன ஆகிறது என்பதில்தான் அது நிற்பதும் விழுவதும்.

சிறிய கம்பெனிகளுக்கு மட்டும் உரிய சிக்கல் இது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் லிடில் சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 2011 வாக்கில் தன் சரக்கு மேலாண்மையை எஸ்.ஏ.பி. மென்பொருளுக்கு மாற்றத் தொடங்கி, 2018-இல் திட்டத்தையே கைவிட்டது. அதற்குள் செலவு சுமார் 50 கோடி யூரோவை எட்டியிருந்தது என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. காரணங்களில் முதன்மையாகப் பேசப்பட்டது எளிய ஒன்று. லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டு வந்தது. அந்த மென்பொருளோ விற்கும் விலையில் மதிப்பிடும் வழக்கத்தை வைத்து எழுதப்பட்டது. லிடில் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள விரும்பவில்லை, மென்பொருளை அதற்கேற்ப வளைத்தார்கள், வளைக்க வளைக்கச் சிக்கல் பெருகியது. வாங்கிய விலையா, விற்கும் விலையா என்பது முதல் மாதமே கேட்டு, முதல் மாதமே மேலிடத்தில் முடிவெடுத்திருக்க வேண்டிய கேள்வி.

கனடா அரசின் ஃபீனிக்ஸ் சம்பள மென்பொருள் கதை இன்னும் கனமானது. நம் ஆலோசகர்கள் ஒவ்வொருவரும் அதை ஒருமுறையாவது படித்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். 2009-இல் அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை 15.5 கோடி கனடா டாலர். 2012-இல், திட்டமிடல் முடிந்தபின், வேலையை ஏற்ற ஐ.பி.எம். நிறுவனம் 27.4 கோடி டாலர் ஆகும் என்று சொன்னது. பொறுப்பிலிருந்த அதிகாரிகள் கூடுதல் நிதி கேட்கவில்லை. கையில் இருக்கும் பணத்துக்குள் அடக்க, செய்ய வேண்டிய வேலைகளை வெட்டினார்கள். திட்டமிட்ட 984 செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டன. முன்தேதியிட்டு ஊதியம் கணக்கிடும் வசதியும் அப்படிப் போனவற்றில் ஒன்று. ஒரு துறையில் மட்டும் முதலில் ஓட்டிப் பார்க்கும் சோதனையையும் 2015-இல் கைவிட்டார்கள். அதே சமயம் பல துறைகளில் இருந்த சம்பளக் கணக்காளர்களின் சுமார் 1,200 பணியிடங்களை ஒழித்துவிட்டு, மிராமிச்சி என்ற ஊரில் 550 பேரைக் கொண்ட ஒரே மையத்தை அமைத்தார்கள். 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் ஓடத் தொடங்கியது. சுமார் 2,90,000 அரசு ஊழியர்களுக்கு அது சம்பளம் போட வேண்டும். சம்பள விதிகளோ ஏறத்தாழ 80,000. பல்லாயிரம் பேருக்குக் குறைவாகவும், சிலருக்கு அதிகமாகவும், சிலருக்குச் சம்பளமே வராமலும் போனது. 2018-இல் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் அளித்த அறிக்கை, இப்படி ஒரு தோல்வி நடந்ததைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை என்ற அளவுக்குக் கடுமையாக இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மென்பொருள் வருவதற்குள் வேலை தெரிந்த மனிதர்களை அனுப்பிவிட்டார்கள். பனியன் கம்பெனி ஃபேப்ரிக் பிரிவுப் பெரியவரைப் போல, விதிவிலக்குகளை மனதில் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். ஆலோசகர் ஒரு கம்பெனிக்குள் நுழைந்ததும் அங்கே இருபது வருடமாகக் கணக்கு எழுதும் அக்காவுக்கு வரும் முதல் பயம், தன் வேலை போய்விடுமோ என்பது. அந்தப் பயம் இருக்கும்வரை அவர் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார். அவருடைய வேலை என்ன ஆகும் என்பதை முதலாளியிடம் முன்கூட்டியே பேசி, முதலாளியின் வாயாலேயே அவருக்குச் சொல்ல வைப்பது ஆலோசகரின் கடமை. பொய்யான உறுதிமொழி மட்டும் கூடாது.

இரண்டாவது, பணம் போதாது என்று தெரிந்தபின் அந்தச் செய்தி மேலே போய்ச் சேரவில்லை. கனடாவில் அது அதிகாரிகளின் தவறு. ஆனால் சிறிய அளவில் இது நம் ஊரில் வாரம்தோறும் நடக்கிறது. ஐந்து லட்சத்துக்கு ஒத்துக்கொண்ட வேலை எட்டு லட்சத்துக்கானது என்று இரண்டாம் மாதம் தெரிகிறது. சொன்னால் முதலாளி கோபப்படுவார், வேலை கையைவிட்டுப் போகும் என்று பயந்து, ஆலோசகர் சோதனை நாட்களைக் குறைக்கிறார், பயிற்சியைக் குறைக்கிறார். பிரச்சினை அப்போது சின்னதாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் கம்பெனியின் கணக்கே குழம்பும். இரண்டாம் மாதமே போய், 'இந்தத் தொகைக்கு இவ்வளவுதான் முடியும். எது முதலில் வேண்டும், எது அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்' என்று கேட்பவரை முதலாளிகள் திட்டினாலும் மதிப்பார்கள். அப்போதுதான் முடிவு எடுக்க வேண்டியவர் எடுக்கிறார். எதை விடுவது என்பதை ஆலோசகர் தனக்குள் தீர்மானித்துக்கொள்வதுதான் ஆபத்து.

எழுதி வைக்கும் பழக்கத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள்; எப்படி எழுதுவது என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள். நம் கம்பெனிகளில் பெரிய முடிவுகள் டீ குடிக்கும்போதும், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜிலும், காரில் ஏறும் நேரத்திலும் எடுக்கப்படுகின்றன. அதை மாற்ற முடியாது, மாற்ற முயல்வதும் வீண். அன்று இரவே பத்து வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதினால் போதும். இன்று என்ன பேசினோம், என்ன முடிவு, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், இன்னும் முடிவாகாதது எது. 'இதில் மாற்றம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்' என்ற ஒரு வரி கடைசியில் கட்டாயம் வேண்டும்.

அந்தக் குறிப்பு தமிழில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சென்னைக் கம்பெனிகளில் பழகிய ஆங்கில டாக்குமென்டை அப்படியே கட்டிங் மாஸ்டரிடம் நீட்டி, நாற்பது பக்கத்தின் கடைசியில் கையெழுத்து வாங்குகிறார்கள். அவர் படிக்காமல் போட்ட கையெழுத்து ஒப்புதல் ஆகாது. மூன்று மாதம் கழித்து, "நான் இப்படிச் சொல்லவே இல்லீங்களே" என்று அவர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். டி.சி., ஸ்டைல் நம்பர், ஷிப்ட், ரேஷியோ என்று அவர்கள் நாள் முழுதும் புழங்கும் சொற்களை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு, இரண்டு பக்கத்தில் எழுதிக் காட்டினால், மூன்றாவது வரியிலேயே ஒரு தவறைப் பிடித்துத் திருத்துவார். அந்தத் திருத்தம் எந்தக் கையெழுத்தையும்விடப் பெரியது.

சோதனை என்றால் ஆலோசகர் தானே உருவாக்கிய மாதிரிக் கணக்கில் ஓட்டிப் பார்ப்பது அல்ல. போன மாதத்தின் நான்கு சனிக்கிழமைச் சம்பளப் பட்டியல்களை எடுத்து, புது மென்பொருளில் போட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் ரூபாய் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாத பெயர்களில் பாதி பேருக்கு மென்பொருள் தவறாக இருக்கும், சிலருக்குப் பழைய கணக்கே தவறாக இருந்தது தெரியவரும். இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு, பழையதும் புதியதும் சில வாரங்கள் சேர்ந்தே ஓட வேண்டும். இரட்டை வேலை என்று எல்லோரும் முணுமுணுப்பார்கள். அதை முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களுக்குக் கூடுதல் ஆளையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்கும் தேதியையும் யோசித்து வைக்க வேண்டும். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999-இல் புது மென்பொருளைத் தன் விற்பனை உச்சத்துக்குச் சற்று முன், ஹாலோவீன் சீசனை ஒட்டி ஓட்டத் தொடங்கியது. குடோனில் சரக்கு இருந்தும் 10 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை அனுப்ப முடியாமல் தவித்தது. நம் ஊரில் இனிப்புக் கடைக்காரருக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதமும், ஏற்றுமதியாளருக்கு ஷிப்மென்ட் மாதமும் அப்படித்தான். நிதியாண்டு தொடங்குகிறது என்பதற்காக எல்லோரும் ஏப்ரல் 1 என்று அடம்பிடிப்பார்கள். அந்தக் கம்பெனியில் எந்த மாதம் வேலை மந்தமோ அந்த மாதமே நல்ல நாள்.

அடுத்தது விதிகளை மூலத்தில் படிக்கும் பழக்கம். ஈ-இன்வாய்ஸ் கட்டாயம் என்பது 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்குத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் வாட்ஸ்அப் குழுக்களில் தவறான தேதிகளும் தவறான வரம்புகளும் உலா வந்தன. அரசாணையைத் தானே திறந்து படித்த ஆலோசகர், தன் வாடிக்கையாளர் எப்போது அந்த வரம்புக்குள் வருவார் என்று ஆறு மாதம் முன்பே சொல்ல முடிந்தது. ஆடிட்டரின் வேலையை ஆலோசகர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் ஆடிட்டரிடம் சரியான கேள்வியைக் கேட்கும் அளவுக்குப் படித்திருக்க வேண்டும்.

விதிகள் தெரிந்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வேலைகளைச் செய்ய மாட்டேன் என்று சொல்ல வேண்டிவரும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்தப் பதிவை அணைக்கவும் கூடாது. "அந்த எடிட் லாக்கை மட்டும் ஆஃப் பண்ணிக் குடுங்க தம்பி" என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். அதேபோல் ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். ஒன்றரை ஷிப்ட் வழக்கம் அதோடு இடிக்கிறது. வெளிநாட்டு பையர்களின் தணிக்கைக்காரர் வரும்போது காட்ட ஒரு கணக்கு, நிஜத்துக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வைக்கும் வசதி வேண்டும் என்பார்கள். மறுக்க வேண்டும். கோபமில்லாமல், காரணத்தைச் சொல்லி, எழுத்திலும் வைத்து மறுக்க வேண்டும். அந்த வேலை போகலாம். இந்த வட்டாரங்களில் பெயர் வேகமாகப் பரவும், கெட்ட பெயர் இன்னும் வேகமாக. தவிர, உழைத்தவருடைய கூலியை மறைக்கும் கருவியைச் செய்து கொடுக்க யாருடைய படிப்பும் அனுபவமும் பயன்படக் கூடாது என்பது எனக்கு வெறும் தொழில் தந்திரமாகத் தெரியவில்லை.

கமிஷன் விஷயமும் இதே இனம். மென்பொருள் விற்பவர்கள், சர்வர் விற்பவர்கள், சிபாரிசு செய்தவருக்கு ஒரு பங்கு தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு வாடிக்கையாளரிடமும் கட்டணம் வாங்கினால், யாருக்காக வேலை பார்க்கிறோம் என்பது குழம்பிவிடும். வாங்காமல் இருப்பது நல்லது. வாங்குவதானால் தொகையோடு முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும்; அந்தத் தொகையைத் தன் பில்லில் கழித்தும் கொடுக்கலாம்.

பணக் கணக்கைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசலாம். மாதம் ஒரு லட்சம் சம்பளம் வாங்கியவர், தனியே வந்ததும் ஒரு லட்சத்தை 25-ஆல் வகுத்து, நாளுக்கு 4,000 ரூபாய் என்று கேட்கிறார். இது நஷ்டக் கணக்கு. ஞாயிறு, பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் போக வருடத்தில் 290 நாள் மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். அதில் பாதி, ஆள் பார்ப்பதிலும், கொட்டேஷன் எழுதுவதிலும், படிப்பதிலும், பாக்கி வசூலிலும் போகும். காசு வரும் நாள் 140 என்றால், அதே 12 லட்சத்துக்கு நாளுக்கு 8,500 ரூபாய்க்கு மேல் வேண்டும். இதில் மருத்துவக் காப்பீடு, லேப்டாப், பயணம், கம்பெனி கட்டிவந்த பி.எஃப். பங்கு எதுவும் சேரவில்லை. இந்தக் கணக்கைப் போடாதவர்கள் ஒரு வருடம் கடுமையாக உழைத்து, சேமிப்பைக் கரைத்து, மறுபடி வேலை தேடப் போகிறார்கள்.

பாக்கி வசூலுக்குச் சட்டத் துணை இருக்கிறது. உத்யம் பதிவு உள்ள சிறு சேவையாளருக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. வாடிக்கையாளர் மேல் புகாருக்குப் போவது கடைசி வழி. ஆனால் அந்த 45 நாளை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பேச்சு எளிதாகும். வேலையை மூன்று நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பணம் வாங்குவது அதைவிட எளிது.

யாரும் கவனிக்காத ஒன்று, எழுதிய நிரல் யாருடையது என்பது. சம்பளத்துக்கு இருப்பவர் எழுதியது கம்பெனிக்குச் சொந்தம். வெளியாளாக வந்த ஆலோசகர் எழுதியது, எழுத்தில் மாற்றித் தராதவரை, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எழுதியவருக்கே சொந்தம். மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் ஆகிவிடும். காசு கொடுத்தோம், அதனால் நம்முடையது என்று முதலாளி நினைத்துக்கொண்டிருப்பார். முதல் நாளே இதை இரண்டு பேரும் பேசி எழுதிக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

தகவல் பாதுகாப்பில் ஆலோசகர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு உண்மையில் கவலை தருகிறது. சோதனைக்கு என்று கம்பெனியின் முழு டேட்டாபேஸையும் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் போகிறார்கள். அதில் இருநூறு தொழிலாளர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, இ.எஸ்.ஐ. எண் எல்லாம் இருக்கின்றன. அந்த இருநூறு பேரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. பெயர்களையும் எண்களையும் மாற்றிவிட்டுத்தான் நகல் எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும். அட்மின் பாஸ்வேர்ட் ஆலோசகர் கையில் மட்டும் இருப்பது அதிகாரம்போலத் தோன்றும். ஆனால் தகவல் திருட்டு நடந்தால் முதல் கேள்வி அவரை நோக்கித்தான் வரும். சைபர் தாக்குதல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டின் உத்தரவையும் முதலாளியிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தத் தொழில் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். நிரல் எழுதும் வேலையின் விலை இறங்கும். அதை மட்டும் விற்பவர்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் பட்டறையிலிருந்து வராத 20 கிலோவைப் பற்றி அந்தக் கருவிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் குடோனில் இருக்கிறார், அவரிடம் ஒருவர் போய்க் கேட்டாக வேண்டும். கருவி சொல்லும் வரி விகிதத்தையும் எச்.எஸ்.என். எண்ணையும் சரிபார்க்காமல் பில்லில் ஏற்றினால், நோட்டீஸ் வாடிக்கையாளர் பெயருக்கு வரும்.

வேலையை முடித்துக் கொடுப்பதற்குத் தனியாக நாட்கள் ஒதுக்க வேண்டும். பாஸ்வேர்ட் எல்லாம் உறையில் போட்டு முதலாளி கையில், தமிழில் ஒரு கையேடு, பயிற்சி பெற்ற இரண்டு பேர். ஒருவர் போதாது, அவருக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போனால் எல்லாம் நின்றுவிடும். ஆலோசகர் இல்லாமல் ஒரு மாதக் கணக்கை அவர்களே முடித்துக் காட்ட வேண்டும். தன்னை விட்டால் ஆளில்லை என்ற நிலையை வைத்திருந்தால் வருமானம் தொடரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி மாட்டிக்கொண்ட முதலாளி இன்னொருவருக்கு அவரைச் சிபாரிசு செய்வதில்லை, இந்தத் தொழிலில் அடுத்த வேலை வருவதோ பெரும்பாலும் சிபாரிசில்தான்.

மூன்று மாதம் கழித்து, அழைப்பு வராவிட்டாலும், ஒரு சனிக்கிழமை போய்ப் பார்ப்பது நல்ல பழக்கம். சம்பள மேஜை ஓரத்தில், மென்பொருள் வருவதற்கு முன் கையால் எழுதிவந்த நீல அட்டை நோட்டு மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டு யாரையும் கோபிக்கக் கூடாது. கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்பணம் வாங்கியவர் பட்டியல், வாராவாரம் பிடித்துக்கொள்ள வேண்டிய தவணை, ஊருக்குப் போனவர் திரும்பும் தேதி என்று சிஸ்டத்தில் இடமில்லாத விவரங்கள் அதில் இருக்கும். அடுத்த கட்ட வேலைக்கான பட்டியலை அந்த நோட்டைப் பார்த்தே எழுதலாம்.